பாலில்லை என்று சொல்லாதீர்கள்

(ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வு பெற்ற தாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மாதிரி மேடைகளில் சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று பாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மங்கில் வடிகிற பாலை அல்ல, நம் வீட்டுப் பச்சைப்பிள்ளையின் வயிற்றுக்குப் போகிற பாலை. இது பெண்கள் காரியம், நமக்கென்ன என்று பின்வரிசை ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். கிராணிமார்களும் இருந்து கேட்க வேண்டும். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் தலைப்பிள்ளை பிறந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. மூன்றாம் நாள் மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டன. நான்காம் நாள் காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பிள்ளை இரவெல்லாம் அழுதது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "இவளுக்குப் பால் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் கடையிலிருந்து கடனுக்கு டின் வந்தது. இரண்டாவது டின் வாங்கக் காசில்லை. ஆகவே மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினோம். மாதம் முடிவதற்குள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்ததே பெரிது.

பின்னாளில் தாதிப் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்கு உண்மை விளங்கிற்று. என்னிடம் பால் இருந்தது. பிள்ளையை மார்பில் சேர்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை. சொல்லித்தர ஒருவரும் பக்கத்தில் இல்லை. அந்தக் குறை உங்கள் வீட்டில் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இங்கே நிற்கிறேன்.

இந்த நாட்டின் பழைய கதை

டின் பாலின் கதை இந்த நாட்டில் நெடுநாளையது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். இனிப்புச் சேர்த்த கட்டிப்பாலைக் குடித்து ஏழைக் குழந்தைகள் மெலிந்து மடிவதை அவர் கண்ணால் கண்டார். பால் விற்கும் கம்பெனிகள் தாதி உடுப்பில் பெண்களை வீடு வீடாக அனுப்பி வியாபாரம் செய்ததையும் கண்டார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில், 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு அஞ்சாமல் பேசினார். ஜப்பானியர் காலத்தில் அவரையே சாங்கி சிறையில் அடைத்தார்கள். அங்கே பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னர் அவர் சொல்லியிருக்கிறார். வயிறு நிறையச் சோறு காணாத சிறையில் இருந்த தாய்மாருக்குப் பால் சுரந்தது என்றால், இன்று நம் பெண்களுக்கு மட்டும் ஏன் சுரக்காது?

இந்தக் காரியத்தில் நமது பினாங்குக்கும் பங்கு உண்டு. பால் மாவு விளம்பரங்களுக்கு எதிராக உலகெங்கும் எழுந்த இயக்கத்தில் முன்நின்றவர்களுள் ஒருவர் பினாங்கில் பணியாற்றிய அன்வார் ஃபசால் அவர்கள். அந்தப் போராட்டத்தின் பயனாக 1981 மே மாதம் உலக சுகாதார மன்றம், பால் மாவு விற்பனைக்கு ஒரு நெறிமுறையை நிறைவேற்றிற்று. 1991ல் தாய்ப்பாலுக்கென ஓர் உலகக் கூட்டணி தோன்றியபோது, அதன் செயலகம் பினாங்கில் அமைந்தது. 1992 முதல் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது. உலகத்துக்குச் சொன்ன ஊரில் இருந்துகொண்டு, நாம் நம் லயத்துப் பெண்ணுக்குச் சொல்லாமல் இருக்கலாமா?

முதல் மூன்று நாள்

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் சேர்க்க வேண்டும். முதலில் வருவது சீம்பால். கொஞ்சமாக, மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். சில பாட்டிமார் இதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள். பாட்டி சொல்லைத் தட்டக்கூடாதுதான். ஆனால் இந்த ஒன்றில் தட்டுங்கள். நோயைத் தடுக்கும் சக்தி சீம்பாலில்தான் நிறைய இருக்கிறது. முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியளவு போதும். ஆகையால் கொஞ்சமாக வருகிறதே என்று பயப்பட வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், தேன், வெந்நீர் எதுவும் தொட்டு வைக்க வேண்டாம். பால் நிறைந்து வருவது இரண்டாம் நாளுக்குமேல் ஐந்தாம் நாளுக்குள். அதுவரை பொறுமைதான் மருந்து.

காம்பு வலி

பால் வெட்டுகிறவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். கத்தி சரியான சாய்வில், சரியான ஆழத்தில் பட்டையில் ஓடினால் பால் வரும். ஆழம் தப்பி மரத்தில் பட்டால் காயம், பாலும் கெடும். பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் அதே கதைதான். தாய்க்குப் புண், பிள்ளைக்குப் பசி.

சரியாகச் சேர்ப்பது எப்படி? பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேராக இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே தண்ணீர் குடிக்க முடியாதே, பச்சைப்பிள்ளை எப்படிக் குடிக்கும்? காம்பால் பிள்ளையின் மேலுதட்டைத் தொட்டால் வாய் திறக்கும். கொட்டாவி விடுவதுபோல் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைப் பிள்ளையிடம் குனிந்து கொண்டுபோகக் கூடாது. காம்போடு, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும். விழுங்கும் சத்தம் கேட்கும். இழுக்கத் தொடங்கியபின் வலி தீராவிட்டால், சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை எடுத்து, மறுபடி சேர்க்க வேண்டும். பத்துத் தடவை ஆனாலும் சரி. வெடித்த காம்பில் சொந்தப் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றாட விடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

பால் கட்டும் காய்ச்சலும்

மார்பு கல்லாகிவிட்டால் பிள்ளையால் கவ்வ முடியாது. முதலில் வெதுவெதுப்பான துணியை ஒற்றி, கையால் கொஞ்சம் பீய்ச்சிக் கருவட்டத்தை இளக்கிவிட்டுப் பிறகு பிள்ளையைச் சேருங்கள். குடித்து முடித்தபின் குளிர்ந்த துணி போட்டால் வீக்கம் தணியும். பால் கட்டிவிட்டது என்று குடிப்பதை நிறுத்தினால் கட்டு இன்னும் இறுகும்.

ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் நோவெடுத்து, குளிர்காய்ச்சலும் வந்தால் அது மார்பழற்சி. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. ஒரு நாளில் தணியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. முற்ற விட்டால் சீழ் பிடித்துக் கத்தி வைக்க நேரும்.

பால் போதுமா?

எல்லாத் தாயும் கேட்கும் கேள்வி இது. பிள்ளை அழுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாலையிலும் இரவிலும் ஓயாமல் குடிப்பது பச்சைப்பிள்ளையின் வழக்கம். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும். மூத்திரத் துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாறு நாளானபின் தினம் ஆறுக்குக் குறையக்கூடாது. கறுப்பு மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். பிறந்த எடை முதலில் கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் போதும். ஊரார் சொல்லைவிடத் துணிக் கணக்கு உண்மை பேசும்.

இங்கேதான் ரப்பர் மரமும் தாயும் வேறுபடுகிறார்கள். மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி ஓய்வு கொடுக்கிறோம். தாயின் மார்பில் ஓய்வு கொடுத்தால் பால் குறையும், இழுக்க இழுக்கச் சுரக்கும். ஒரு வேளை டின் பால் கொடுத்தால், அந்த வேளைக்கு உரிய சுரப்புக் குறைகிறது. அடுத்த வேளைக்கும் டின் தேவைப்படுகிறது. இப்படித்தான் 'பால் இல்லை' என்னும் சொல் பலித்துவிடுகிறது. சுறாப்புட்டும் பூண்டும் முருங்கைக்கீரையும் நல்ல ஆகாரம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளை இழுக்காமல் ஆகாரம் மட்டும் பாலைச் சுரக்க வைக்காது. பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் அடக்கி வைப்பதும் தவறு.

தாமதிக்கக் கூடாதவை

பிள்ளை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், குடிக்க மறுத்தால், ஒரு நாள் முழுதும் மூத்திரம் போகாவிட்டால், காய்ச்சல் கண்டால், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கண்ணும் தோலும் மஞ்சளானால் தாதியிடம் காட்டுங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் அது அபாயம். வெயிலில் கிடத்துவதையும் பச்சிலைச் சாற்றையும் நம்பி நாளைக் கடத்தினால் மூளைக்கே கேடு வரும். அடிக்கடி பால் கொடுப்பதும், வேண்டுமானால் ஆஸ்பத்திரி விளக்குச் சிகிச்சையும்தான் வழி. பிரசவித்த வீடுகளுக்கு அரசாங்கத் தாதி வருவார். வரும்போது "எல்லாம் நலம்" என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையை மார்பில் சேர்த்துக் காட்டி, "சரிதானா மிஸி?" என்று கேளுங்கள்.

உண்மையிலேயே பால் குறைவான தாய்மாரும் உண்டு, கடும் நோய்ப்பட்டவர்களும் உண்டு. டாக்டர் சொல்லிப் பால் மாவு கொடுப்பதில் வெட்கமில்லை. ஆனால் டின்னில் எழுதிய அளவு மாறக்கூடாது, தண்ணீர் கொதித்ததாக இருக்க வேண்டும். இனிப்புக் கட்டிப்பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அப்பெண்ணை யாரும் குறை பேசவும் கூடாது.

ஆண்களின் வேலை

தோழர்களே! பிரசவ விடுப்பு முன்பு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். தகுதியுள்ள தகப்பனுக்கும் அன்றுமுதல் சம்பளத்தோடு ஏழு நாள் விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளும் நான் சொன்ன கல்லும் புண்ணும் அழுகையும் வருகிற நாட்கள்தாம். காப்பிக்கடையில் கழிப்பதற்காக அதைச் சட்டம் கொடுக்கவில்லை. துணி துவையுங்கள், சோறாக்குங்கள், பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். "பால் இல்லை" என்று யாராவது சொன்னால், "இருக்கிறது, பொறுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்று ஏங்கிக் கிடந்தேன்.

கிராணிமார்களே! விடுப்பு முடிந்து பெரட்டுக்கு வரும் தாய்க்கு, மார்பு கட்டும் வேளையில் கால் மணி நேரம் ஒதுங்க இடமும் நேரமும் கொடுங்கள். பீய்ச்சிய பால் நம் அறைச் சூட்டில் நான்கு மணி நேரத்துக்குள் பிள்ளைக்குப் போய்விட வேண்டும். குளிர்பெட்டியின் உள்ளே வைத்தால் நான்கு நாள் தாங்கும். புட்டி வேண்டாம். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடைச் சங்கே போதும், கழுவவும் எளிது. சங்கத் தலைவர்களை நான் கேட்டுக்கொள்வதும் இதுதான். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

தாய்மார்களே! உங்கள் லயத்தில் அடுத்து ஒரு பெண் பிள்ளை பெற்று வரும்போது, பலகாரத்தோடு மட்டும் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எப்படிக் கவ்வுகிறது என்று பாருங்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் மறுபடி போங்கள். டின் வாங்கக் கடைக்குப் போகிற ஆளை ஒரு நாள் தாமதிக்கச் சொல்லுங்கள். அதற்குள் தாதியை அழைத்து வாருங்கள். என் பிள்ளை பதினொரு நாள் கிடந்த கட்டிலில் உங்கள் பிள்ளை கிடக்க வேண்டாம்.