முதற் காருக்கு விலை பேசுதல்

கொல்கத்தாவில் கடியாஹாட் நடைபாதையில் புடவை வாங்கியவர்களுக்கு விலை பேசுதல் புதிதன்று. கடைக்காரர் ஆயிரம் என்பார், நாம் ஐந்நூறு என்போம், நாலடி நடப்போம், அவர் மறுபடி கூப்பிடுவார். வங்காளிகள் இதனைத் 'தொர்தாம்' என்பர். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இதில் நன்றாகத் தேறியவையே. அத்தகையோரும் கார் விற்பனை நிலையத்துக்குள் நுழைந்ததும் வாயடைத்துப் போகிறார்கள். 2025ஆம் ஆண்டில் நாங்களும் அவ்வாறே நின்றோம்.

இவ்வடக்கம் நமக்குப் பழகிப்போன ஒன்று. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராத் தொழிற்சாலை 1957 முதல் 2014 வரை அம்பாசிடர் வண்டிகளைச் செய்தது. முற்காலத்தில் அவ்வண்டிக்குப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுக்கும் 1969இல் அரசாங்கமே ஆணையிட்டு விலை வகுத்தது. வண்டி கிடைத்ததே பெரிது என்றிருந்த காலம் அது. இன்றோ பெரும்பாலும் காத்திருப்பவர் விற்பவர்தாம். இதனை நாம் மறந்துவிடுகிறோம்.

எங்கள் பிழை முதல் நாளிலேயே நேர்ந்தது. அம்மாவை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும், ஆகையால் வண்டி உடனே தேவை என்று விற்பனையாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டோம். அதுவரை பேச்சிலிருந்த தள்ளுபடி அக்கணமே மறைந்தது. "மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும், தாதா?" என்று அவர் அன்போடு வினவினார். அதற்கும் விடை சொன்னோம். ஐந்தாண்டுக் கடனை ஏழாண்டாக நீட்டினால் எந்த விலையும் சிறியதாகவே தோன்றும் என்பது வீட்டுக்கு வந்து கணக்கிட்ட பின்னரே புலப்பட்டது. சேமநிதியிலிருந்து எடுத்த பணம், போனால் திரும்பாது.

அன்றிரவு விலைத்தாளை வரிவரியாகப் படித்தோம். வரியும் பதிவுக் கட்டணமும் எவர் பேசினாலும் குறையா. வரி குறைந்ததும் அரசாங்கத்தால்தான்: 2025 செப்டம்பர் 22 அன்று, மகாளயத்துக்கு மறுநாள், சிறிய பெட்ரோல் கார்களின் வரி 29 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. வரிக்கு முந்தைய விலை ஐந்து லட்சமானால் 55,000 ரூபாய் மிச்சம். விற்பவர் இதனைத் தம் சலுகைபோலச் சொன்னால் ஏமாறலாகாது. இன்சூரன்ஸ் கதை வேறு. பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான மூன்றாண்டுக் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் கட்டணம் எங்கும் ஒன்றே. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான கட்டணமோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விற்பவர் காட்டும் கம்பெனியிடமே வாங்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெளியே விசாரித்ததில் 11,000 ரூபாய் வித்தியாசம் இருந்தது. அடுத்த வரியில் 'ஹாண்ட்லிங் சார்ஜ்' என்றிருந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டிருந்தும் அதற்கு எங்களால் பொருள் காண முடியவில்லை. மறுநாள் விற்பனையாளராலும் முடியவில்லை.

பிறகு இன்னொரு நிலையத்துக்குச் சென்று, அதே வண்டி தெருவுக்கு வந்து நிற்க மொத்தம் எவ்வளவு என்று ஒரே தொகையாக எழுதி வாங்கினோம். தவணையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தாளுடன் பழைய இடத்துக்கே திரும்பினோம். விற்பனையாளர் தலையசைத்தார். "இன்னும் ஒரு மாதம் டாக்சியில் போனால் போகிறது" என்று மனைவி எழுந்தாள். வாசலைத் தாண்டுமுன் மேலாளரே வந்துவிட்டார். பொருள் தெரியாத கட்டணம் அடிபட்டது. இன்சூரன்ஸ் எங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டது. விலையிலும் 15,000 ரூபாய் குறைந்தது.

ஒன்று மிஞ்சியிருந்தது. எங்களுக்கென்று காட்டிய வண்டி ஜனவரியில் உற்பத்தியானது. நாங்கள் வாங்கியதோ அக்டோபரில். உற்பத்தி மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றிதழில் எழுதப்படுபவை; நாளை வண்டியை விற்க நேர்ந்தால், வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வேறு வண்டி கேட்டோம். பத்து நாள் கழித்து, செப்டம்பரில் செய்த வண்டி வந்தது. அம்மாதத்தைச் சரிபார்த்த பின்னரே மீதிப் பணத்துக்குக் காசோலை எழுதினோம்.