நோயுற்ற நாளுக்கும் கூலி உண்டு



நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர் காயங்களைக் கட்டியதோடு நம் நினைவு நின்றுவிடுகிறது. மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் அவர் இரண்டு தெனாரியம் கொடுத்ததைக் கவனித்தோமா? காயம் ஒரே நாளில் ஆறாது, ஆறும்வரை படுத்திருக்கவும் பணம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே பலர். காய்ச்சல் அடித்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்புகிறோம். படுத்தால் சம்பளம் போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

இந்தப் பயத்தைப் போக்கவே 1948-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்வது இதைத்தான். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் பெறுகிறவர்கள் இதில் சேருகிறார்கள். நம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் சேர்த்துக் கட்டுகிறார். நோயுற்றால் மருத்துவம் மட்டுமல்ல, சம்பளத்தில் 70 விழுக்காடும் ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். நாள் கூலி 500 என்றால் 350 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று அவசியம்.

இதற்கு ஒரு தகுதி உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரை இந்த உதவி பெறலாம். அக்டோபர் முதல் மார்ச்வரை கட்டியது, அடுத்த ஜூலை முதல் டிசம்பர்வரை உதவும்.

ஆகவே ஒவ்வொரு நாள் கணக்கும் முக்கியம். ஆளைப் பிடித்து வேலைக்கு அனுப்பும் நம் ஒப்பந்தக்காரச் சகோதரர்களே, பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால், 78 நாள் 77 ஆகிவிடும். அந்த ஒரு நாள், படுக்கையில் கிடப்பவரின் வீட்டு அடுப்பை அணைத்துவிடும். தொழிலாளர்களே, நோய் வருமுன்பே உங்கள் சம்பளச் சீட்டையும் காப்பீட்டு எண்ணையும் சரிபாருங்கள். எழுதப் படிக்கத் தயங்குகிறவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உதவட்டும். இது நாம் கேட்டு வாங்கும் தர்மம் அல்ல, நம் உழைப்பின் உரிமை.

இன்னொன்றும் நம் மனச்சாட்சியைக் கேட்போம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. அவர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தால், மாதக் கடைசியில் அந்த மூன்று நாளை நாம் கழித்துக்கொள்கிறோமா? சட்டம் எட்டாத இடத்தில் சமாரியரின் இரண்டு தெனாரியம் நம் கையில்தான் இருக்கிறது.

தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரே, நோயுற்ற எங்கள் உழைப்பாளிகளுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.