அனசூயா என்னும் பெயர்



"வாத்தியாரய்யா, பேத்திக்கு அனசூயான்னு பேரு வைக்கச் சொல்றாங்க. அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்.

வடமொழியில் 'அசூயா' என்றால் பொறாமை. முன்னால் 'அன்' சேர்ந்தால் 'இல்லாத' என்று பொருள். ஆகவே, அனசூயா என்றால் பொறாமை இல்லாதவள். திருக்குறளின் 17ஆம் அதிகாரமான அழுக்காறாமை போற்றுவதும் இந்தக் குணத்தைத்தான்.

இராமாயணத்தில் காட்டுக்கு வந்த சீதைக்கு ஆடை அணிகளை மனமுவந்து அளித்தவர், அத்திரி முனிவரின் மனைவி அனசூயை.

1918இல் அகமதாபாத் நகரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டுப் போராடினர். முதலாளிகளின் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். காந்தியடிகளோடு தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய சொந்த அக்காள், அனசூயா சாராபாய். கேட்ட 35 விழுக்காடு உயர்வு முடிவில் நடுவர் தீர்ப்பால் கிடைத்தது.

இத்தகைய பெயர் இன்று நம் பிள்ளைகளிடையே அபூர்வமாகவே கேட்கிறது. வைப்பதென்றால் ஒன்றை மறவாதீர்கள். பிறப்பைப் பதியப் போகும்போது பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக் கொண்டு போங்கள். எழுதியபின் வாசித்துப் பாருங்கள். இரண்டாம் எழுத்தான 'ன' விடுபட்டால் அனசூயா அசூயா ஆகிவிடுவாள். பொறாமை இல்லாத பெண்ணுக்குப் பொறாமை என்றே பெயராகிவிடும்!

பாட்டியிடமும் இதைத்தான் சொன்னேன்.