கடலில் காற்றாலை, நம்மூரில் வேலை



“கடலே இல்லாத சேலம், நாமக்கல்லுக்குக் கடல் காற்றாலையால என்ன லாபம்?”னு கேப்பீங்க. தமிழகக் கடலில் 500, குஜராத் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கான நிதியுதவித் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு 7,453 கோடி ரூபாய்.

ராட்சத இறக்கைகளைத் துறைமுகத்துப் பக்கத்தில்தான் செய்ய முடியும். அந்த வேலை நமக்கு வராது. ஆனால் ஏணி, நடைமேடை, கைப்பிடிக் கம்பி? லாரி பாடி கட்டுற நாமக்கல் பட்டறைக்கு இது கைவந்த கலை!

ஒரு குறைதான். என்கூடப் படிச்சவர் பட்டறை, வெல்டருக்குச் சான்றிதழ் இல்லாததால் ஒரு காற்றாலை ஆர்டரை இழந்தது. கையில் தொழில் இருந்தது, காகிதம் இல்லை.

வெல்டிங் சோதனை, உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு இரண்டுக்கும் நம் கல்லூரியிலேயே பயிற்சி தொடங்குவோம். முதல் வகுப்பு எடுக்க நான் தயார்.