நீர் எடுக்கும் உரிமையும் நீரைக் காக்கும் கடமையும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியால் நாம் பெற்ற பயன்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் தண்ணீரைப் பற்றிப் பேச இசைவு கேட்டுப் பெற்றேன். கல்விக் கழக மேடையில் தண்ணீருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இவ்விரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

என் இளமையில் என் தாயார் குடத்துடன் ஊர்ப் பொதுக்கிணற்றின் அருகே சென்று நிற்பார். கிணற்று மேட்டில் ஏறக்கூடாது. யாரேனும் மனமிரங்கிச் சேந்தி ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும். சில நாள்களில் வெறுங்குடமே வீடு திரும்பும். இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் பலருக்கும் இந்த நினைவு உண்டு.

1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தம் கையால் நீர் அள்ளிப் பருகினார். அந்தக் குளத்தின் உரிமை பம்பாய் உயர் நீதிமன்றத்தில் உறுதியாவதற்குப் பின்னும் பத்தாண்டுகள், அதாவது 1937 வரை, ஆயின. ஒரு கை நீருக்கு நம் முன்னோர் கொடுத்த விலை அது.

அவ்வாறு பெற்ற உரிமை இன்று வேறொரு வழியில் பறிபோவதைக் காண்கிறோம். குளத்தில் இறங்காதே என்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் இறங்கி அள்ளினால் அந்த நீர் குடிக்கத் தகுதியற்றதாக இருக்கிறது. இதற்குத் தொலைவிலிருந்து சான்று தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத் தலைநகரின் நடுவே ஓடும் நொய்யல் ஆறே சான்று.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். திருப்பூரில் பனியன் தொழில் பெருகியபோது சலவைப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் அதன் கரைகளில் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு மிகுதியாக வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். சுண்ணாம்பும் பிற வேதிப்பொருள்களும் இட்டுக் கழிவைத் தெளியவைத்தால் நிறம் குறையும், கசடு படியும். கரைந்த உப்போ அப்படியே நிற்கும். பார்வைக்குத் தெளிந்த நீர், பயிருக்கும் உயிருக்கும் ஆகாத நீராகவே இருந்தது.

சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காக அணை கட்டினார்கள். அது நீர்த்தேக்கமாவதற்கு மாறாகச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. சுற்றியிருந்த கிணறுகளில் உப்பு ஊறிற்று. அணை வேண்டும் என்று வேண்டிப் பெற்ற மக்களே, அதில் நீரைத் தேக்காதீர்கள் என்று முறையிடும் நிலை வந்தது.

நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழலாகாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அதன் பின்னும் கழிவு நிற்காமையால், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நீரைச் சவ்வு வழியே வடிகட்டி மீண்டும் பயன்படுத்தி, எஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கும் முறை அதன் பின்னரே ஊன்றியது. செய்ய முடியாதது என்று கூறப்பட்டது, சட்டம் இறுகியபோது செய்யக்கூடியதாயிற்று என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. நிலம் பாழ்பட்டவர்களுக்கு இழப்பீடு நிலத்தை அளந்தே கணக்கிடப்பட்டது. அது அவர்களுக்குரிய நீதி. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நிலத்தில் களையெடுத்துக் கூலி பெற்றவர்கள் யார்? வேலையும் போய், குடிக்கும் நீரும் போனவர்கள் யார்? பட்டா இல்லாதவரின் இழப்பை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. 2011இல் பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களிலும் நம்மவர் இருந்தார்கள். நஞ்சு வந்தாலும் இழப்பு, நஞ்சை நிறுத்தினாலும் இழப்பு என்ற இடத்தில் ஏழை நிற்கிறான். ஆகவே தொழிலை ஒழியுங்கள் என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. தொழிலும் வேண்டும், தூய நீரும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இனி உடல்நலத்தைப் பற்றிச் சில சொற்கள். ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்த பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கும் மேற்பட்ட உப்பு நீர் வயிற்றைக் கெடுக்கும். இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு மேலும் தீங்கு செய்யும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவகைக் குரோமியமும், சில சாயங்கள் சிதைவதால் உண்டாகும் பொருள்களும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை. நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே என்று தாய்மார்கள் கேட்பார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் சாகா. நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

இந்த நஞ்சு உடனே கொல்வதில்லை. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீனில் சேர்ந்து, மீனை உண்ட மக்களின் நரம்பைத் தாக்கியது. 1956இல் நோய் வெளிப்பட்டும் 1968 வரை கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது. முதலில் துன்புற்றவர்கள் நாள்தோறும் மீனையே நம்பி வாழ்ந்த எளிய மீனவர்களே.

உடனே கொல்லும் நஞ்சும் ஒன்று உண்டு. என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன், வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான். இறங்கியவன் எழவில்லை. அவனைத் தூக்க இறங்கிய உறவினனும் எழவில்லை. சாயக்கழிவிலுள்ள சல்பேட் உப்பு, காற்றுப் புகாத சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவாக மாறும். சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்துவிட்டால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் நொடியே சாவின் நொடி. இப்பாடத்தை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தேர்வுக்குரியதாக நடத்தினேனேயன்றி உயிருக்குரியதாக நடத்தவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஆதலால் தம்பிகளே, எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும், எந்தத் தொட்டியிலும் இறங்காதீர்கள். ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள். சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தகைய சாவுக்கு இழப்பீடு 30 இலட்சம் ரூபாய் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. ஆயினும் எந்தத் தொகையும் ஒரு தாய்க்கு மகனாகாது.

நம் உடுமலைப் பகுதிக்குத் திருமூர்த்தி அணையும் அமராவதி அணையும் வாய்த்திருக்கின்றன. மலையிலிருந்து நேரே வரும் நீர் என்று நாம் பெருமிதம் கொள்கிறோம். அதே அமராவதி கரூரை அடைந்தபோது சாயக்கழிவால் கெட்டதையும் மறக்கலாகாது. நல்ல நீர் நமக்குக் கிடைத்த வரம் என்று வாளாவிருந்தால் அது நில்லாது. எனவே சில வேண்டுகோள்கள்.

நம் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கச் செய்யுங்கள். அந்த முடிவை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள். சோதிக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். வாய்க்காலில் நிறமோ நாற்றமோ கண்டால் நாள், நேரம், இடம் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதுங்கள். பூச்சிமருந்துப் புட்டிகளையும் தெளிப்பான்களையும் வாய்க்காலில் கழுவாதீர்கள்; பிறரைக் கேட்கும் வாய் முதலில் தன் கையைத் தூய்மையாக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் பிள்ளைகளில் சிலர் வேதியியல் படிக்க வேண்டும். சிலர் சட்டம் படிக்க வேண்டும். நீரில் என்ன இருக்கிறது என்று கண்டுசொல்ல ஒருவர், அதை நீதிமன்றத்தில் எடுத்துச்சொல்ல ஒருவர். நம் கழகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இவ்விருவரையும் உருவாக்குமானால், குடத்தோடு காத்து நின்ற நம் தாய்மார்களுக்குச் செய்யும் கைம்மாறு அதுவே ஆகும்.