விஷச் சாராயச் சாவும் தண்டனையின் அளவும்



மரக்காணமே பழைய எயிற்பட்டினம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தப் பட்டினத்து நுளையர் மகள் அரித்த தேறலைப் பரதவர் வழியில் வந்த பாணருக்கு வார்த்து உபசரித்ததைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. இந்தக் கரையின் எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் விற்கப்பட்டதோ, ஆலைகளுக்கான மெத்தனால். கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் பார்வை போகும், பிறகு உயிர். முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கும் ஜிப்மருக்கும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இங்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

“குடித்தான், செத்தான்” என்று அன்று எத்தனை பேர் சொன்னார்கள்! தண்டனை இளகத் தொடங்குவது அந்தப் பேச்சில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குடித்தவர் காசு கொடுத்துக் கேட்டது சாராயத்தை. நஞ்சுக்கு அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய பழக்கத்தைக் காட்டி விற்றவரின் குற்றத்தைக் குறைப்பது இறந்தவரையே கூண்டில் ஏற்றுவதாகும்.

சட்டத்திலும் இளகுவதற்கு இடம் இருக்கிறது. சாவு நேரக்கூடும் என்று அறிந்தே செய்த, ஆனால் கொலையாகாத மரணத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு 10 ஆண்டு வரை சிறை என்றது. குறைந்தபட்சம் எவ்வளவு என்று சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் 60 பேருக்கு மேல் மாண்ட பிறகே, 2024 ஜூனில், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம். அரசமைப்பின் 20(1) பிரிவின்படி, குற்றம் நடந்தபோது இருந்த சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலாகத் தண்டிக்க முடியாது. ஆகவே மரக்காணத்துச் சாவுகளுக்கு அந்தத் திருத்தம் உதவாது. 20(1) தரும் அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் வேண்டியதுதான். ஆனாலும் எக்கியார்குப்பத்திலிருந்து இங்கே வந்திருக்கும் தாய்மார்களிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடுமையை மட்டும் கூட்டினால் போதுமா? பீகாரின் கோபால்கஞ்சில் 2016-இல் நடந்த விஷச் சாராயச் சாவுகளுக்காக 9 பேருக்குத் தூக்கு விதித்தது விசாரணை நீதிமன்றம். 2022-இல் பாட்னா உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்துவிட்டது. கேரளத்தில் வேறு கதை. 2000-இல் கல்லுவாதுக்கலில் 31 பேர் இறந்த வழக்கில், சரக்கு எங்கிருந்து யார் கைவழியாக வந்தது என்பது நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. சாராய வியாபாரி மணிச்சனின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் வெளியே வந்தது 2022-இல்.

எக்கியார்குப்பத்துக்கு வந்த மெத்தனாலும் சென்னைப் பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து வந்தது என்றே காவல்துறை கூறியது. பாக்கெட் விற்றவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். பீப்பாயை வெளியே அனுப்புகிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தண்டனையின் கனம் அந்த அறிவுக்கு ஏற்ப மேலே ஏற வேண்டும். ஆனால் நடைமுறையில் தெருவில் விற்றவரிடமே விசாரணை பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

ஆகவே முதல் அமர்வில் பேசவிருக்கும் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை ஆண்டு சிறை என்ற விவாதத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆலையின் இருப்புப் பதிவேடு, லாரி ரசீது, தடய அறிவியல் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு, பீப்பாயை அனுப்பியவரின் அந்த அறிவை நீதிமன்றத்தில் எப்படி மெய்ப்பிப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள்.