வாழையடி வாழை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மணமக்களை 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகின்றோம். நாம் உண்ணும் வாழைக்கு முளைக்கும் விதையில்லை. தாயின் அடியில் தோன்றும் பக்கக்கன்றே அதன் வழித்தோன்றல். தாய்க்கு உற்ற நோயும் அவ்வழியே வரும் என்பதை வாழ்த்துவோர் எண்ணுவதில்லை, எண்ணவும் வேண்டுவதில்லை. உழவர் எண்ணியே தீரவேண்டும்.

பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பேர்பெற்ற விருப்பாட்சி வாழைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். கீழ்ப்பழனி மலையில் முடிக்கொத்து நோய் பரவிற்று. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாய்க் குவியும், குலை தள்ளாது. தீர்க்கும் மருந்தில்லை. அசுவினிப் பூச்சியும், நோயுற்ற கன்றும் அதனைத் தோட்டந்தோறும் சுமந்து சென்றன. 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் விளைந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று.

இதற்குத் துணைவந்ததே திசு வளர்ப்பு. கன்றை உறை உறையாய் உரித்தால் நடுவே நுண்ணிய வளர்நுனி தென்படும். நச்சுயிரி பெரும்பாலும் எட்டாத இடம் அது. அதனை நறுக்கி, கிருமி நீக்கிய குப்பியில் இடுகின்றனர். அடியில் இருப்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். அதனுடன் சர்க்கரை, உப்புகள், வளர்ச்சி ஊக்கிகள். 1962இல் முராசிகே, ஸ்கூக் என்னும் இருவர் வகுத்த கலவையே இன்றும் பெரிதும் வழங்குகின்றது. ஒரு நுனி பல குருத்தாகும். குருத்தைப் பிரித்தால் மீண்டும் பலவாகும். வேர்விட்டபின் நிழல்வலைக்குள் வெயிலுக்குப் பழக்கித் தோட்டத்திற்கு அனுப்புவர். தாயை முன்னரே சோதித்தல் இன்றியமையாதது. சோதியாவிடில் ஆய்வுக்கூடமே நோயைப் பெருக்கும் ஆலையாகிவிடும்! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மலை உழவரும் கூடி இவ்வழியே விருப்பாட்சியை மீட்க முயன்றனர். 2008இல் அப்பழத்திற்குப் புவிசார் குறியீடும் கிட்டிற்று.

"குப்பியில் பிறந்தது நம் ஊர்ப் பழமாகுமோ?" என்று பாட்டிமார் ஐயுறுவர். அன்னையீர், அஃது அதே வாழைதான், புது இனமன்று.

இரயில்வே ஊழியர் என்ற முறையில் ஒன்று சொல்வோம். நம்மவர் ஊரிலிருந்து கன்றைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றி வருவதைக் காண்கின்றோம். பழம் கொண்டுவருக, கன்று வேண்டாம். புறக்கடையில் நட விரும்புவோர் சோதித்துச் சான்றளித்த கன்றையே கேட்டு வாங்குக.

ஆயினும் குப்பி எல்லாம் வல்லதன்று. மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டின் ரசபாளே வாழையை வீழ்த்தியது பனாமா வாடல் நோய். அது பூஞ்சையால் வருவது. மண்ணிலேயே பல்லாண்டு தங்குவது. குப்பிக்கன்று தூயதாயினும் நடும் மண் தூயதன்றே! ஆகவே அங்குள்ள உழவர், நல்ல கன்றோடு நோயறியா நிலத்தையும் தேடவேண்டியவராகின்றனர்.